பணியிட ஆன்மிகத்தை ஆராய எந்த முறை சரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணியிட ஆன்மிகம் (வேலையில் கிடைக்கும் அர்த்தம், அகவாழ்வு, சக மனிதரோடு ஒட்டுதல் போன்றவை) என்ற தலைப்பில் ஆய்வு செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு கேள்வித்தாளோடுதான் வருகிறார்கள். தலைப்பு பிடித்திருக்கிறது, அளவுகோல் (மதிப்பெண் போட்டு அளக்கும் வாக்கியங்களின் தொகுப்பு) இணையத்தில் கிடைத்துவிட்டது, கூகுள் ஃபார்ம்கூடத் தயார். எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அப்படி வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். புள்ளியியல் பாடம் இதில் இருக்காது. எந்தக் கேள்விக்கு எந்த முறை பொருந்தும், எங்கே கால் இடறும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சர்வேயா, நேர்காணலா? எதில் தொடங்குவது?

இரண்டிலும் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஆய்வு முடிந்த அன்று நீங்கள் சொல்ல விரும்பும் வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். எண்கள் வரும் இடத்தைக் காலியாக விடலாம். முடிவு எந்தப் பக்கம் சாயும் என்றும் இப்போது தெரிய வேண்டியதில்லை. வாக்கியத்தின் வடிவம் கிடைத்தால் போதும்.

"இங்குள்ள செவிலியர்களில் இத்தனை பேர் தங்கள் வேலையைத் தொண்டாகப் பார்க்கிறார்கள்" என்று முடிக்க ஆசையென்றால் சர்வே வேண்டும், அதுவும் ஒழுங்காகத் தேர்ந்தெடுத்த மாதிரியுடன் (கேள்வி கேட்கப்படும் ஆட்களின் தொகுதி). "வேலையில் அர்த்தம் கிடைப்பதை அவர்கள் இப்படி இப்படி உணர்கிறார்கள்" என்றால் நேர்காணல். "நிர்வாகம் விழுமியம், பரிவு என்று பேசும் நிறுவனத்தில் அன்றாடம் நடப்பது இது" என்றால் அங்கே போய்ப் பல நாள் உட்கார வேண்டும். "இந்தப் பயிற்சியால் மனச்சோர்வு குறைந்தது" என்றால் ஒப்பீட்டுக் குழுவோடு ஒரு சோதனை. இந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்த பிறகு தலைப்பையே மாற்றிக்கொண்டவர்கள் நிறைய பேர். அது நல்லதுதான், இரண்டாம் வருடம் மாற்றுவதைவிட இரண்டாம் வாரம் மாற்றுவது மேல்.

"ஆன்மிகம்" என்பதை எப்படி வரையறுப்பது? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் இந்தத் துறையில் அதிகம் எடுத்தாளப்படும் வரையறைகள் ஓரளவு ஒரே திசையில்தான் போகின்றன. 2000-இல் ஆஷ்மோஸ், டூஷோன் இருவரும் மூன்று கூறுகளை முன்வைத்தார்கள்: மனிதருக்கு ஓர் அகவாழ்வு இருக்கிறது, அது அர்த்தமுள்ள வேலையால் ஊட்டம் பெறுகிறது, இதெல்லாம் ஒரு சமூக உணர்வுக்குள், நம்மவர்கள் என்ற எண்ணத்துக்குள் நடக்கிறது. 2003-இல் மில்லிமன் குழுவினர் அர்த்தமுள்ள வேலை, சமூக உணர்வு ஆகியவற்றை வைத்துக்கொண்டு, மூன்றாவதாகத் தனிமனிதரின் விழுமியங்களும் நிறுவனத்தின் விழுமியங்களும் ஒத்துப்போவதைச் சேர்த்தார்கள்.

கவனித்தீர்களா? இரண்டாவது பட்டியலில் அகவாழ்வு காணாமல் போய்விட்டது. அவர்கள் பணி மனப்பான்மையோடு தொடர்புபடுத்த நினைத்ததால் அந்தத் தேர்வு. தவறில்லை. ஆனால் அந்த அளவுகோலை அப்படியே எடுத்து, "பணியாளர்களின் ஆன்மிக வாழ்வு" என்று தலைப்புப் போட்டால் கேள்வி வரும். நீங்கள் அளந்தது வேலையில் அர்த்தம், கூட்டாளிகளோடு நெருக்கம், நிறுவனத்தோடு மன ஒப்புதல். இதில் ஆன்மிகம் எங்கே என்று வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில்) ஒருவர் கேட்டால், பதில் கையில் இருக்க வேண்டும்.

என் யோசனை: வரையறையை மூன்று வரியில் எழுதுங்கள். கீழேயே, "இதில் சேராதவை" என்று இன்னொரு மூன்று வரி எழுதுங்கள். இரண்டாவது மூன்று வரிதான் கடினம்.

மதமும் ஆன்மிகமும் ஒன்றா, வேறா?

அதை உங்கள் ஆய்வு முன்கூட்டியே தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. 1999-இல் மிட்ராஃப், டென்டன் இருவரும் மேலாளர்களையும் மனிதவள அதிகாரிகளையும் நேர்காணல் செய்து வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பேசிய பெரும்பாலோர் இரண்டையும் பிரித்தே பார்த்தார்கள்: மதம் வேலையிடத்துக்கு ஒவ்வாத பேச்சு, ஆன்மிகம் பொருத்தமான பேச்சு என்று. ஆனால் அது அமெரிக்க அலுவலகங்களின் உயர்மட்டத்தில் எடுத்த குரல். வேறு இடத்தில், வேறு படிநிலையில் இருக்கும் ஒருவருக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். பேசுகிறவர் எப்படிப் பிரிக்கிறார் அல்லது பிரிக்கவில்லை என்பதே தரவு.

எந்த அளவுகோலைப் பயன்படுத்துவது? புதிதாக ஒன்றை உருவாக்கலாமா?

புதிது வேண்டாம், முடிந்தவரை. ஓர் அளவுகோலை ஒழுங்காக உருவாக்குவதே தனியாக ஒரு ஆய்வேடு. வாக்கியங்களைத் திரட்டி, வல்லுநர்களிடம் காட்டி, ஒரு மாதிரியில் காரணிப் பகுப்பாய்வு (எந்தெந்த வாக்கியங்கள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் கணக்கு) செய்து, வேறொரு மாதிரியில் அதைச் சரிபார்த்து, கொஞ்ச நாள் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்டு... உங்களிடம் அத்தனை காலம் இருக்காது.

இருப்பவற்றில் முன்னே சொன்ன இரண்டும் பரவலானவை. கிஞ்சர்ஸ்கி, ஸ்க்ரிப்னெக் 2006-இல் வெளியிட்டது 18 வாக்கியங்கள் கொண்டது. ஈடுபாட்டோடு செய்யும் வேலை, சமூக உணர்வு, ஆன்மிகத் தொடர்பு, மறைஞான அனுபவம் என நான்கு பிரிவு. அனுபவத்தைத் தொட வேண்டும் என்றால் இது பொருந்தும். பெட்சவாங், டூஷோன் 2009-இல் தாய்லாந்தில் செய்த அளவுகோல் பரிவு, அர்த்தமுள்ள வேலை, விழிப்புநிலை, தன்னைக் கடந்த உணர்வு என்று போகிறது. மேற்கத்திய அளவுகோல் அப்படியே பொருந்தாது என்று தெரிந்ததும் என்ன செய்யலாம் என்பதற்கு அது நல்ல முன்னுதாரணம்.

"ஆன்மிகம்" என்ற சொல்லையே தொடாமல் அளப்பதும் ஒரு வழி. 1997-இல் ரெஸ்னெஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் மூன்று கற்பனை மனிதர்களைப் பற்றி மூன்று பத்தி எழுதினார்கள். ஒருவர் சம்பளத்துக்காக வேலை பார்க்கிறார். இன்னொருவர் பதவி உயர்வுக்காக. மூன்றாமவருக்கு வேலையே வாழ்வின் பெரும்பகுதி, காசு தேவையில்லாவிட்டாலும் செய்வார். "இவர்களில் யார் உங்களைப்போல, எவ்வளவு?" என்பதுதான் கேள்வி. அந்த ஆய்வில் ஒரே பணிப்பெயர் கொண்ட 24 கல்லூரி நிர்வாக உதவியாளர்கள் மட்டும் தனியாகப் பார்க்கப்பட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக மூன்று வகையிலும் பிரிந்திருந்தார்கள். வேலை ஒன்று, பார்வை மூன்று. இதைப் பிடிக்கப் பெரிய புள்ளியியல் எதுவும் தேவைப்படவில்லை, மூன்று பத்தி போதுமாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

ஆங்கில அளவுகோலை மொழிபெயர்த்து உபயோகிக்கலாமா?

உபயோகிக்கலாம், ஆனால் அதுவே ஒரு வேலை என்று எடுத்துக்கொண்டால்தான்.

ஓர் உதாரணம். வேலை தன் 'ஸ்பிரிட்'டுக்கு உற்சாகம் தருகிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் இந்த வகைக் கேள்வித்தாள்களில் வரும். ஒரு மாணவி அதை "என் வேலை என் ஆவியை உற்சாகப்படுத்துகிறது" என்று எழுதிக்கொண்டு வந்தார். படித்தவர்கள் சிரித்தார்கள். "ஆன்மா" என்று மாற்றினோம், இப்போது சிலருக்கு அது மதத்தத்துவமாகப் பட்டது, "ஆன்மாவை எதுவும் தீண்டாது, அது எப்படி உற்சாகமாகும்?" என்று ஒரு பெரியவர் நியாயமாகவே கேட்டார். "உள்ளம்" என்றோம். எல்லோருக்கும் புரிந்தது, எல்லோரும் 5 (முழு ஒப்புதல்) போட்டார்கள். ஆனால் அது இப்போது வெறும் வேலைத் திருப்தியைக் கேட்கும் வாக்கியம் ஆகிவிட்டது. மூன்று சொல், மூன்று வேறு கேள்வி.

வழக்கமான வழி பிரிஸ்லின் 1970-இல் விவரித்த பின்மொழிபெயர்ப்பு: ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிடுவது. அது அவசியம், ஆனால் போதாது. "ஆவி" கூடப் பின்மொழிபெயர்ப்பில் அழகாகத் தேறிவிடும். ஆகவே அப்புறம் ஒரு ஏழெட்டுப் பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் படிக்கச் சொல்லி, "இது எதைக் கேட்கிறது என்று நினைக்கிறீர்கள்? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒரு மத்தியானம் போதும். பைலட் சர்வே நூறு பேரிடம் எடுத்தாலும் கிடைக்காத விஷயம் அங்கே கிடைக்கும்.

சர்வே எடுத்தேன். எல்லோரும் 4, 5 என்றே போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

எனக்கும் நடந்தது. முதன்முதலில் செய்த ஆய்வில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவே கேள்வித்தாளைக் கொடுத்து வாங்கித்தர முன்வந்தது. எனக்கு ஏக சந்தோஷம், இருநூறு தாளுக்கு மேல் கைக்கு வந்தன. பிரித்துப் பார்த்தால் "என் மேலதிகாரிகள் என் அகவாழ்வில் அக்கறை காட்டுகிறார்கள்" என்ற வாக்கியத்துக்குக்கூட ஏறக்குறைய எல்லோரும் முழு ஒப்புதல். பின்பக்கம், கருத்து எழுதும் இடத்தில், ஒரே ஒரு தாளில் பென்சிலால் சின்னதாக "சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கிறார்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரிதான் அந்த இருநூறு தாளிலும் எனக்குக் கிடைத்த நம்பகமான தரவு. மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறு இடத்தில் தொடங்கினேன்.

ஆகவே தாளை நிர்வாகம் வழியாகக் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். பெயர், பணியாளர் எண், மின்னஞ்சல் கேட்காதீர்கள். ஆன்மிகம், பரிவு, நேர்மை என்ற சொற்களைப் பார்த்ததும் நம்மையறியாமல் நல்லவராகக் காட்டிக்கொள்ளும் போக்கு எல்லோருக்கும் உண்டு. இதைப் பிடிக்கவே 1960-இல் கிரௌன், மார்லோ இருவரும் 33 வாக்கியம் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார்கள். அதன் சுருக்க வடிவங்களில் ஒன்றைச் சேர்க்கலாம். அதைவிட நல்லது, மனப்பான்மையைக் கேட்பதற்குப் பதில் நடந்ததைக் கேட்பது. "எங்கள் குழுவில் பரிவு இருக்கிறதா?" என்றால் 5. "போன மாதம் உங்கள் குழுவில் ஒருவர் சோர்ந்திருந்தபோது யாராவது அவர் வேலையை எடுத்துச் செய்தார்களா, எத்தனை முறை?" என்றால் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

ஆன்மிகம் கூடினால் வேலைத் திருப்தி கூடுகிறது என்று ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) வலுவாக வந்திருக்கிறது. இது போதுமா?

இந்தத் துறையில் மிக அதிகமாக வரும் முடிவு இதுதான். மிகக் குறைவாகச் சந்தேகிக்கப்படுவதும் இதுவே. மூன்று சிக்கல் இருக்கிறது.

முதலாவது, ஒரே ஆள், ஒரே தாள், ஒரே நாள். ஆன்மிகத்தையும் அவரிடமே கேட்டீர்கள், திருப்தியையும் அவரிடமே கேட்டீர்கள். காலையில் நல்ல மனநிலையில் வந்திருந்தால் இரண்டிலும் மதிப்பெண் ஏறும். இதைத்தான் பொது முறைப் பிழை என்கிறார்கள். 2003-இல் போட்சாகாஃப் குழுவினர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பெரும்பாலான ஆய்வேடுகள் எடுத்துக்காட்டுகின்றன. எடுத்துக்காட்டிவிட்டு, ஹார்மன் ஒற்றைக் காரணிச் சோதனையை (இந்தப் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு கணக்கு) ஒரு வரியில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அதே கட்டுரை அந்தச் சோதனையின் போதாமையையும் சொல்கிறது என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. உருப்படியான வழி வடிவமைப்பில் இருக்கிறது: ஆன்மிகத்தை இன்று கேளுங்கள், திருப்தியை மூன்று வாரம் கழித்துக் கேளுங்கள். அல்லது விளைவை வேறு இடத்திலிருந்து எடுங்கள்: விடுப்புப் பதிவு, வேலையை விட்டுச் சென்றவர் கணக்கு, சக பணியாளரின் மதிப்பீடு.

இரண்டாவது இன்னும் ஆழமானது. அளவுகோலுக்குள்ளேயே விளைவு ஒளிந்திருக்கிறது. "என் வேலை எனக்கு மகிழ்ச்சி தருகிறது" என்ற மாதிரி ஒரு வாக்கியம் ஆன்மிக அளவுகோலில் இருக்கும். வேலைத் திருப்தி அளவுகோலிலும் இருக்கும். இரண்டையும் ஒட்டுறவு பார்த்தால் ஒட்டாமல் எங்கே போகும்? உடல்நல ஆய்வில் இதே பிரச்சினையைக் கோனிக் 2008-இல் காரமாகவே எழுதினார்: மனநிம்மதி, வாழ்வின் நோக்கம் போன்றவற்றையே ஆன்மிகம் என்று அளந்துவிட்டு, ஆன்மிகம் உள்ளவர்களுக்கு மனநலம் நன்றாக இருக்கிறது என்று முடிவு சொல்வது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவது. இதைச் சோதிக்க ஓர் எளிய வேலை செய்யுங்கள். இரண்டு அளவுகோலின் வாக்கியங்களையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, குலுக்கி, விஷயம் தெரியாத ஐந்து நண்பர்களிடம் கொடுத்து இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அவர்களால் பிரிக்க முடியாத சீட்டுகளை எடுத்துவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். ஒட்டுறவு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள்.

மூன்றாவது, திசை. திருப்தியாக இருக்கிறவருக்கு வேலை அர்த்தமுள்ளதாகத் தோன்றலாம். நல்ல சம்பளமும் மரியாதையும் இரண்டையும் ஒருசேரத் தரலாம். ஒருமுறை எடுத்த சர்வேயில் இதைப் பிரிக்க முடியாது. "தாக்கம்" என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு "தொடர்பு" என்று போடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

நேர்காணல் என்றால் எத்தனை பேர் போதும்?

கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் 2006-இல் தங்கள் 60 நேர்காணல்களைத் திரும்பப் பார்த்தபோது, புதிய விஷயங்கள் பெரும்பாலும் முதல் 12-க்குள்ளேயே வந்துவிட்டன என்று கண்டார்கள். அதிலிருந்து 12 என்பது மந்திர எண் ஆகிவிட்டது. ஆனால் அவர்கள் பேசியது ஓரளவு ஒத்த பின்னணி கொண்ட பெண்களிடம், ஒரே மாதிரிக் கேள்விகளோடு. உங்கள் ஆய்வில் துப்புரவுப் பணியாளரும் இயக்குநரும் இருந்தால் 12 எப்படிப் போதும்? ஒவ்வொரு வகையிலும் புதிதாக எதுவும் வராத வரை போங்கள்.

எண்ணைவிட, எப்படிக் கேட்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

சரி, எப்படிக் கேட்பது? "உங்கள் ஆன்மிகம் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் மௌனமாகிவிடுகிறார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்டால் நானும் மௌனமாகிவிடுவேன். இல்லையென்றால் எங்கோ படித்ததை ஒப்பிப்பேன்.

ஃப்ளானகன் 1954-இல் எழுதிய முக்கிய நிகழ்வு முறை இங்கே நன்றாக உதவும். கருத்தைக் கேட்காமல் சம்பவத்தைக் கேட்பது. இரவுப் பணியில் இருக்கும் ஒரு செவிலியரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வேலையில் அர்த்தம், விழுமியம் என்று பத்து நிமிடம் கேட்டேன். "ம், இருக்கு சார், சேவைதானே" என்றே பதில். பிறகு, "கடைசியாக எந்த நாள் ஷிஃப்ட் முடிந்து போகும்போது, இன்றைக்கு வந்தது வீண்போகவில்லை என்று தோன்றியது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வயதான நோயாளி இறந்த இரவைச் சொன்னார். உறவினர் வந்துசேரவில்லை. செய்ய மருத்துவம் எதுவும் பாக்கியில்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அது என் டியூட்டி லிஸ்ட்டில் இல்லை சார். அன்றைக்கு சார்ட் எழுத லேட்டாகி மேடத்திடம் திட்டும் வாங்கினேன்" என்றார்.

இந்த ஒரு பதிலில் அர்த்தம், தன்னைக் கடந்த உணர்வு, நிறுவன விழுமியத்தோடு மோதல் எல்லாம் இருக்கின்றன. அவர் "ஆன்மிகம்" என்ற சொல்லை உச்சரிக்கவே இல்லை. எதிர்க்கேள்வியையும் மறக்காதீர்கள்: "எந்த நாள், ஏன் இங்கே வருகிறோம் என்று தோன்றியது?" நல்ல நாள் கதைகளை மட்டும் சேகரித்தால் நிறுவனத்தின் விளம்பரமலர்தான் தயாராகும்.

பகுப்பாய்வுக்கு பிரௌன், கிளார்க் 2006-இல் வகுத்த ஆறு கட்டக் கருப்பொருள் பகுப்பாய்வு (பேச்சில் திரும்பத் திரும்ப வரும் பொருள்களைத் திரட்டும் முறை) முதல்முறை செய்கிறவர்களுக்குப் போதும். ஆனால் "கருப்பொருள் 1: அர்த்தம், 2: சமூக உணர்வு, 3: விழுமியம்" என்று முடித்திருந்தால், தரவைப் படிக்காமல் பழைய அளவுகோலைத்தான் திரும்ப எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். சிலர் வாழ்க்கை வரலாற்று வழியில் போகிறார்கள். ஒருவரின் பணிவாழ்வு முழுவதையும் கேட்டு, திருப்பங்களில் ஆன்மிக நம்பிக்கை என்ன செய்தது என்று பார்ப்பது. லிப்ஸ்-வியர்ஸ்மாவின் ஆய்வுகள் அந்த வகை. பொறுமை இருந்தால் பலன் அதிகம்.

நேரில் போய்க் கவனிப்பது அவசியமா?

நிறுவனத்தைப் பற்றிய கேள்வியென்றால் அவசியம். தியான அறை இருக்கிறது என்று நேர்காணலில் பெருமையாகச் சொல்வார்கள். மூன்று நாள் அங்கே இருந்தால், அதில் பழைய நாற்காலிகள் அடுக்கியிருப்பது தெரியும். அல்லது, யாரும் சொல்லாத ஏதோ ஒரு மாடிப்படி ஓரத்தில்தான் ஆட்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்று தெரியும். இதில் பிரச்சினை அனுமதியும் நேரமும்தான். கிடைத்தால் விடாதீர்கள்.

செல்போனில் தினமும் கேள்வி அனுப்பும் முறை இதற்குச் சரிப்படுமா?

ரொம்பவே சரிப்படும், ஆனால் குறைவாகத்தான் செய்கிறார்கள். அர்த்தம், ஒன்றிப்போதல், தன்னை மறத்தல் எல்லாம் நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறுபவை. வருடத்துக்கு ஒருமுறை சர்வேயில் கேட்டால் ஞாபகத்தின் சராசரிதான் வரும். 1970-களில் சிக்சென்ட்மிஹாயும் கூட இருந்தவர்களும் ஆட்களுக்குப் பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும்போது என்ன செய்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள் என்று எழுதவைத்தார்கள். இன்றைக்கு அதைப் போனில் செய்யலாம். பத்து நாள், நாளுக்கு மூன்று முறை, ஒரு முறைக்கு நான்கு கேள்வி. அதற்கு மேல் போனால் ஐந்தாம் நாளே பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். வேலைக்கு இடையூறு, பாதுகாப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்: இயந்திரம் இயக்குகிறவரிடம் மணியடிக்கும் போனைக் கொடுக்க முடியாது.

தியானப் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் அளந்தால்?

ஒரே குழுவில் முன்-பின் மட்டும் என்றால் வேண்டாம். மன அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் பயிற்சியில் சேர்கிறார்கள். எதுவும் செய்யாவிட்டாலும் எட்டு வாரத்தில் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒரு ஒப்பீட்டுக் குழு கட்டாயம். குலுக்கல் முறையில் பிரித்து, இரண்டாம் குழுவுக்கு அதே பயிற்சியைப் பிறகு கொடுப்பதாகக் காத்திருப்புப் பட்டியலில் வைத்தால் நியாயமாகவும் இருக்கும். குலுக்க முடியாத இடத்தில் பிரிவுகளை ஒப்பிடலாம். கிஞ்சர்ஸ்கி, ஸ்க்ரிப்னெக் 2008-இல் ஒரு நீண்டகாலப் பராமரிப்பு மையத்தில் அப்படிச் செய்தார்கள்: ஒருநாள் பயிலரங்கு, அப்புறம் எட்டு வாரத் தொடர் அமர்வு, பக்கத்தில் பயிற்சி பெறாத ஒரு பிரிவு.

இன்னொன்று. தியானம் கவனத்தைக் கூட்டியது என்பதும், ஆன்மிகத்தைக் கூட்டியது என்பதும் ஒன்றல்ல. நீங்கள் எதை அளந்தீர்களோ அதன் பெயரையே சொல்லுங்கள்.

"எங்கள் நிறுவனத்தின் ஆன்மிகம்" என்று சொல்ல, தனியாட்களின் மதிப்பெண்ணைச் சராசரி எடுத்தால் போதாதா?

போதாது. ஒரு குழுவில் பாதிப் பேர் 5, பாதிப் பேர் 1 என்றாலும் சராசரி 3. எல்லோரும் 3 என்றாலும் சராசரி 3. முதலாவது பிளவுபட்ட குழு, இரண்டாவது சாதுவான குழு. சராசரி எடுக்குமுன் குழுவுக்குள் ஒத்த கருத்து இருக்கிறதா என்று காட்ட வேண்டும். அதோடு, எண்ணிக்கையின் அலகு மாறிவிடும். டூஷோன், பிளௌமன் 2005-இல் ஒரு மருத்துவமனை அமைப்பில் பணிப்பிரிவு அளவில் ஆராய்ந்தபோது ஒப்பிட முடிந்தது ஆறே பிரிவுகளை. நூற்றுக்கணக்கானவர்கள் பதில் சொல்லியிருந்தாலும் அந்தக் கேள்விக்கு மாதிரியின் அளவு ஆறுதான். இது தெரியாமல் பெரிய ஆய்வென்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் பாவம்.

ஆன்மிகத்தை அளக்கவே முடியாது என்று என் பேராசிரியர் சொல்கிறாரே?

அவர் தனியாள் இல்லை. ஃபோர்னாசியாரி, லண்ட் டீன் 2001-இலேயே வழக்கமான அளவீட்டு அறிவியல் இதற்குப் பொருந்தாது என்று வாதிட்டார்கள். எதிர்ப்பக்கம், அளக்காவிட்டால் மேலாண்மைத் துறையில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்ற வாதமும் உண்டு. என் நிலை நடுவில்: ஆன்மிகத்தின் விளைவுகளையும் வெளிப்பாடுகளையும் பற்றி ஆட்கள் சொல்வதை அளக்கலாம். அவர்களுக்கு உள்ளே நடப்பதை அளந்ததாகச் சொல்லக்கூடாது. பேராசிரியரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

நான் பக்தி உள்ளவன் (அல்லது நம்பிக்கை இல்லாதவன்). அது ஆய்வைப் பாதிக்குமா?

பாதிக்கும். மறைப்பதால் குறையாது. ஆய்வேட்டில் ஒரு பக்கம் அதை எழுதுங்கள். களத்துக்குப் போகுமுன் "இன்னின்ன பதில் வரும்" என்று நீங்கள் எதிர்பார்ப்பதை எழுதி, தேதி போட்டு மூடிவையுங்கள். முடிவில் எடுத்துப் பாருங்கள். எல்லாம் அப்படியே வந்திருந்தால் கவலைப்பட வேண்டும்.

நெறிமுறைக் குழுவில் என்ன கேட்பார்கள்?

நிர்வாகம் அனுமதித்தது என்பது பணியாளர் சம்மதித்தது ஆகாது. இது முதல் விஷயம். இரண்டாவது, பதினைந்து பேர் உள்ள பிரிவில் "நாற்பது வயதுப் பெண், மாற்று நம்பிக்கை கொண்டவர்" என்று எழுதினால் பெயரை எழுதியதற்குச் சமம். மூன்றாவதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே யோசியுங்கள்: முடிவை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள்? லிப்ஸ்-வியர்ஸ்மா, லண்ட் டீன், ஃபோர்னாசியாரி மூவரும் 2009-இல் பணியிட ஆன்மிக இயக்கத்தின் இருண்ட பக்கத்தைப் பற்றி எழுதினார்கள். அர்த்தமுள்ள வேலை என்ற பேச்சு, கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்காமல் இருக்கவைக்கும் கருவியாகலாம். ஒரே மாதிரி நம்பாதவரை ஓரங்கட்டலாம். இதைக் கேட்காத கேள்வித்தாள் நடுநிலையானது கிடையாது. "இங்கே நடக்கும் ஆன்மிக நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும்?" என்று ஒரு கேள்வியாவது இருக்கட்டும்.

சர்வே, நேர்காணல் இரண்டையும் சேர்த்துக் கலப்பு முறை செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

ஒன்றின் முடிவு இன்னொன்றை மாற்றுமானால் செய்யுங்கள். கிஞ்சர்ஸ்கி, ஸ்க்ரிப்னெக் முதலில் 14 பேரிடம் அனுபவங்களை எழுதி வாங்கி, அதிலிருந்து வரையறை செய்து, அதற்குப் பிறகுதான் அளவுகோலுக்குப் போனார்கள். சர்வேயும் நேர்காணலும் தனித்தனி அத்தியாயமாக ஒன்றையொன்று பார்க்காமல் உட்கார்ந்திருந்தால் அது இரண்டு அரைகுறை ஆய்வு.

எனக்கு இருப்பது ஆறு மாதம். தனியாள். பணமும் இல்லை. எதைச் செய்யட்டும்?

ஒரே தொழில், இரண்டு பணியிடம், பதினெட்டிலிருந்து இருபது நேர்காணல். சம்பவம் கேட்கும் முறை. ஒவ்வொருவரிடமும் ஒரு நல்ல நாள், ஒரு கெட்ட நாள். முதல் மாதம் அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் போய்விடும், அதனால் அந்த மனுவை இந்த வாரமே எழுதுங்கள். முதல் மூன்று நேர்காணலை எழுத்தில் இறக்கிப் படித்துவிட்டுத்தான் நான்காவதுக்குப் போக வேண்டும். கேள்விகள் கட்டாயம் மாறும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், மென்பொருள் கொஞ்சம் குறைக்கும், ஆனால் பேனா மூடியைத் திறந்து மூடியது அதில் வராது. அதை நீங்கள்தான் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும். ஐந்தாம் மாதம் எழுதத் தொடங்குங்கள்.

கேள்வித்தாள் ஏற்கெனவே தயாராக இருக்கிறதே என்பீர்கள். அதிலிருக்கும் வாக்கியங்களை ஏழு பேரிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் புரிந்துகொண்டதைப் பதிவுசெய்து ஒரு பின்னிணைப்பாகச் சேருங்கள். அடுத்து வருகிறவருக்கு அது உபயோகப்படும்.